கோசலின் மிதவைக்குப் போய்வந்த பேட்டரி

அன்பு மகள் நிமோலுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

தண்ணீர் மேல் நாங்கள் இருவரும் நலமாக மிதந்துகொண்டிருக்கிறோம், தரைமேல் நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாக நடமாட வேண்டும் என்று தினமும் சாமி மாடத்தில் ஊதுவத்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் ஏரி சீக்கிரமே ஏறிவிட்டது. ஊரே மிதவை வீடுகளை அவிழ்த்துக்கொண்டு காட்டோரம் வந்துவிட்டோம், நம் வீட்டை இழுத்துவர இரண்டு மோட்டார் படகு தேவைப்பட்டது, வீடு நகர்ந்துகொண்டிருக்கும்போதே உன் அம்மா அடுப்பை அணைக்காமல் புளிக்குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். பன்றி நன்றாகக் கொழுத்திருக்கிறது. கூண்டில் விட்ட மீனில் கொஞ்சம் செத்தது, மிச்சம் பிழைத்துக்கொண்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனால் ஒரு இடத்துக்குத் துடுப்புப் போடும்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறதோ தெரியாது, அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன். மிதவைக் கடை யீமின் மகள் தாவி உன் ஊர்ப்பக்கம் தோட்ட வேலைக்கு வருகிறாள் இல்லையா, அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது. வலை உலர்த்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, படகை ஒரு மரக்கிளையில் கட்டி, முட்டிமேல் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்து ஆடினால் அது அலையின் குற்றம். உன் மேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பேட்டரி.

நீ கொரியா போன முதல் வருஷம் அனுப்பிய பணத்தில் ஒரு பெரிய பேட்டரி வாங்கினோமே, அதைச் சொல்கிறேன். அதற்கு முன் நம்மிடம் இருந்தது லாரியிலிருந்து கழற்றியது, லாரி பேட்டரி ஒரே மூச்சில் கத்திவிட்டு ஓய்ந்துபோகிற ஜாதி. நீ வாங்கிக் கொடுத்தது படகுக்கென்றே செய்தது, தகடு தடிமன், நிதானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு விளக்கு, டிவி, காற்றாடி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நாலு நாள் வரும். அக்கம்பக்கத்து மிதவைக்காரர்கள் வந்து, "அண்ணே, பொண்ணு அனுப்புனதா?" என்று கேட்டு அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டது, போன வறட்சி முடிந்ததிலிருந்து இரண்டு நாள்கூட வராமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சனிக்கிழமை குத்துச்சண்டையில் சிவப்பு டவுசர்க்காரன் கீழே விழப்போகிற நேரம் பார்த்து டிவி அணைந்துவிடும், விழுந்தானா இல்லையா என்று அடுத்த வீட்டைக் கூவிக் கேட்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் அம்மாவுக்கு வராது. "டவுனாயிடுச்சாங்க? சரி விடுங்க, நாளைக்குக் கோசல் தம்பிகிட்ட போட்டுட்டு வந்துடறேன்" என்று ஏதோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி சொல்வாள். நான் போகிறேன் என்றால், "நீங்க எதுக்கு, வலையைப் பாருங்க" என்பாள். முழங்கால் வலிக்காரி, அந்தக் கனத்தை இடுப்பில் சாய்த்துப் படகில் இறக்கிவிடுவாள்.

போகிறவள் எப்படிப் போகிறாள் தெரியுமா? முகத்துக்குப் பவுடர். கல்யாண வீட்டுக்கென்று வைத்திருக்கும் நீலச் சட்டை. தலையை நனைத்து வாரி, சீப்பு. பேட்டரிக்குச் சார்ஜ் போடப் போகிறவளுக்குப் பவுடர் எதற்கு, சொல். காலையில் போனால் என்ன என்று கேட்டால் காலையில் வேலை இருக்கிறதாம், வெயில் தாழ்ந்த பிறகுதான் போவாள். கையில் ஒரு கிண்ணத்தில் வறுத்த மீன், அல்லது தேங்காய்ப்பால் ஊற்றின வாழைப்பழம். யாருக்கு என்றால், "பாவம், ஆக்கிப்போட ஆளில்லாத மனுசன்" என்பாள். எனக்கு அன்றைக்கு வெறும் ப்ரஹோக் மீன் விழுதும் சோறும். ஒரு நாள் திரும்பி வரும்போது தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என்னடி சிரிப்பு என்றேன். "ஒண்ணுமில்ல, ஒரு பொண்ணு பனியில வழுக்கி உக்காந்துட்டாளாம், டிவியில பாத்தேன்" என்றாள். எந்த டிவியில்? நம் டிவிதான் பேட்டரி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறதே. இன்னொரு நாள் கண் சிவந்து வந்தாள், கேட்டதற்கு ஜெனரேட்டர் புகை என்றாள்.

கோசலை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ போகும்போது அவன் மனைவி உயிரோடிருந்தாள். அவள் போன பிறகு அவன் நிலத்தை விட்டுவிட்டு ஒரு மிதவையில் ஜெனரேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊர் பேட்டரி முழுக்கப் பலகையில் வரிசையாக அடுக்கிச் சார்ஜ் போட்டுக் கொடுக்கிறான். கூரைக்கு மேல் உயரமாக ஒரு கம்பம் நட்டு அதில் இன்டர்நெட் பிடிக்கிறான், சார்ஜ் ஏறும்வரை உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மாவே போன் பார்த்துக்கொள்ளலாம், அதனால் எப்போதும் நாலு பேர் அங்கே இருப்பார்கள். ஆள் என்னைவிட இளையவன். எண்ணெய்க் கறையோடு வேலை செய்தாலும் தலையை மட்டும் கலையவிட மாட்டான். பல் வரிசை நன்றாக இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை, எனக்கு முன்பல் இரண்டு இல்லை என்பது உனக்குத் தெரியும். பாடவும் செய்வான். உன் அம்மாவை "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிறான். அக்காவாம் அக்கா! அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று என் அப்பா சொல்வார். யீம் கடையில் சுருட்டு வாங்கப் போனால், "என்ன அண்ணே, அண்ணி தினமும் கோசல் பக்கம் போறாங்களே, உங்க வீட்டுல என்ன, சினிமாக் கொட்டகையா நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு யீம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஊர் வாயை மூட முடியுமா? மகளிடம் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்வேன்? எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் ஒரே மிதவையில் ஒரே கொசுவலைக்குள் இருந்துவிட்டு, இந்த வயதில் உன் அம்மா என்னைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தே போனேன்.

அவன் வேண்டுமென்றே குறைவாகச் சார்ஜ் போட்டு அனுப்புகிறான், அப்போதுதானே இவள் சீக்கிரம் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நான் அரண்டுதான் கிடந்தேன். சரி, பேட்டரியை நானே பார்த்துக்கொள்கிறேன், அவள் போகத் தேவையே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், கிரீஸ் தடவினேன், அடியில் கட்டை வைத்து ஈரம் படாமல் தூக்கி வைத்தேன், மேலே படிந்த தூசியை என் க்ரமாத் துண்டாலேயே துடைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "என்னைக்காவது என் முதுகை இப்படித் தேச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இறங்கித் தகடு தலை காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஊற்றுகிற தண்ணீர் பாட்டிலில் வரும், கோசல்தான் விற்கிறான். அவனிடம் நான் ஏன் வாங்க வேண்டும்? பிறந்ததிலிருந்து ஏரி மேல் உட்கார்ந்திருக்கிறவன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினால் மீன்கூடச் சிரிக்கும். அதற்காக ஏரித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடவும் இல்லை, நான் என்ன மடையனா? நாம் குடிக்கிற ஜாடியில், படிகாரத்தைச் சுற்றிச் சுற்றி மண்ணெல்லாம் அடியில் படியவிட்டுத் தெளிந்த தண்ணீர், கண்ணாடி மாதிரி இருந்தது, அதை மொண்டு, வடிகட்டி, ஒவ்வொரு குழியிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். மனுசன் குடிக்கிற தண்ணீரைப் பேட்டரி குடிக்காதா என்று நினைத்தேன்.

அதிலிருந்து அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நான் ஊற்ற ஊற்ற அது படுக்க, அது படுக்கப் படுக்க உன் அம்மா பவுடர் போட. என் கையாலேயே அவளை அவனிடம் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் சின்னப் படகை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கோசலின் மிதவைக்குப் பின்பக்கம் ஆகாயத்தாமரை அடை அடையாக ஒதுங்கிக் கிடக்கிறது, அதற்குள் படகைச் செருகி, தலையில் நாலு கொத்து இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிக்காதே. பலகை இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. உன் அம்மா ஒரு பக்கம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், போட்டோ பிடிக்கிற இடத்தில் உட்காருவது போல. கோசல் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடைய பேட்டரியையோ முகர்ந்துகொண்டிருந்தான், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. உன் அம்மாவின் கையில் அவனுடைய போன். அதிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அது நீ.

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. ஆகாயத்தாமரையில் செவ்வெறும்பு குடியிருக்கும் என்பதைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன், கழுத்திலிருந்து இடுப்புவரை பிடுங்கி எடுத்துவிட்டன, ஆடாமல் அசையாமல் கடிபட்டுக்கொண்டே கேட்டேன். உனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறது, அதை நீ உன் அம்மாவுக்கு வாயைப் பிளந்து காட்டினாய். முட்டைக்கோஸ் தோட்டத்துக் கிழவி உன்னைத் தன் மருமகளைவிட நன்றாகக் கவனித்துக்கொள்கிறாளாம். நீ பனியில் வழுக்கி விழுந்ததை அன்றைக்கு மறுபடியும் சொல்லிச் சிரித்தீர்கள், உன் அம்மா எனக்குச் சொன்ன பொண்ணு அதுதான். நீ முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய். நேபாளத்திலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாய், உன் அம்மா, "மெதுவா பேசுடி, ஆளுங்க இருக்காங்க" என்றாள், அதற்கப்புறம் காதில் விழவில்லை. பிறகு நீ கேட்டாய், "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று. நான் இலைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா சொன்னாள், "அவருக்கென்ன, கொஞ்ச நாளா பேட்டரியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், என்னைக்கூட அப்படிப் புடிச்சதில்ல." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நீ சொன்னாய், "நான் பேசுறதை அவர்கிட்ட சொல்லிடாதே, காசு வீணாகுது, போனை வை வைன்னு கத்துவார், நாம ரெண்டு பேரும் நிம்மதியா பேச முடியாது."

அந்த வார்த்தையோடு நான் படகைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன், கேள். ஆமாம், நம் பட்டன் போனில் நீ கூப்பிட்டால் வை வை என்றுதான் சொல்வேன். நீ முதுகு ஒடிய முட்டைக்கோஸ் அறுத்துச் சம்பாதிக்கிற காசு, சாப்பிட்டாயா என்று கேட்டாகிவிட்டது, சாப்பிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, அதற்குமேல் அந்தக் காசை ஏன் காற்றில் விட வேண்டும் என்றுதான் வை என்றேன். இப்போதெல்லாம் இன்டர்நெட்டில் பேசினால் காசே ஆவதில்லையாமே! எவ்வளவு நேரம் பேசினாலும் சும்மாவாமே! அதை எனக்கு யார் சொன்னார்கள்? கோசலுக்குத் தெரியும், யீமுக்குத் தெரியும், ஊர்ப் பன்றிக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கோசல் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. பாவம், நல்லவன். எனக்கு இப்போது பொறாமையெல்லாம் உன் அம்மா மேல்தான், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். உன்னைத் தோளில் உட்காரவைத்து வலை போட்டவன் நான். உனக்கு நீச்சல் பழக்கியவன் நான். அவளுக்கு உன் பல் தெரியும், முடி தெரியும், நேபாளத்துப் பையன் தெரியும். எனக்கு என்ன தெரியும்? மாதா மாதம் எவ்வளவு வந்தது என்பது தெரியும். ராத்திரி சோறு போடும்போது உன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன், உன்னுடைய எல்லாச் செய்தியும் அந்த முகத்துக்குள் இருக்கும், வாயைத் திறந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடவா?" என்று கேட்பாள்.

அடுத்த நாள் அவள் யீம் கடைக்குப் போன சமயம் பார்த்து பேட்டரியை நானே தூக்கிக்கொண்டு கோசலிடம் போனேன். இதை ஒழுங்காக ஆக்கிக் கொடு, என்ன கேடு வந்தது பார் என்றேன், சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன், பழக்கதோஷம். அவன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே தகடெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. "அண்ணே, என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றான். நாங்கள் குடிக்கிற தண்ணீர்தான், நன்றாகத் தெளியவைத்தது என்றேன். "படிகாரம் போட்டுத் தெளிய வச்சதா?" என்றான். ஆமாம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். "அண்ணே, பேட்டரிக்கு வயித்தாலயா போகுது, படிகாரம் குடுக்க?" என்று ஒருத்தன் கேட்க, மிதவையே குலுங்கிச் சிரித்தது. கோசல் மட்டும் சிரிக்கவில்லை. பேட்டரிக்கு ஆவியாக்கிக் குளிரவைத்த சுத்தத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம், கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதாதாம், கரைந்திருக்கிற படிகாரம் தகட்டுக்கு விஷமாம். அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாலேயே கொஞ்சம் ஊற்றி மூட வேண்டும். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

அப்புறம் அவன் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப்போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, தண்ணியால மட்டும் கெடல. இந்தப் பெரிய பேட்டரி மெதுவாத்தான் ஏறும், என்கிட்ட ஒரு ராத்திரி தங்கணும். நான் எத்தனையோ தடவை சொன்னேன். அக்காதான் கேக்கல. அரை சார்ஜ் போதும் தம்பி, மிச்சத்துக்கு நாளைக்கு வரேன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க. பாதி வயித்தோடயே எப்பவும் வச்சிருந்தா தகட்டுல உப்பு பூத்துடும் அண்ணே, பூத்துட்டா அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உள்ள போகாது." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முழுச் சார்ஜ் போட்டால் நாலு நாள் வரும். நாலு நாள் வந்தால் நாலு நாள் உன்னிடம் பேச முடியாது. அரை சார்ஜ் என்றால் நாளைக்கே உன் குரலைக் கேட்கலாம். நீ வேலை முடித்து வருகிற நேரத்துக்குத்தான் அந்த வெயில் தாழ்ந்த கணக்கு. நீ பார்க்க வேண்டும் என்றுதான் அந்தப் பவுடர். உன்னிடம் அடிக்கடி போவதற்காக அவள் பாதி வயிற்றில் எடுத்துவந்தாள், அவள் போகக் கூடாது என்பதற்காக நான் படிகாரத்தை ஊற்றினேன், நடுவில் மாட்டிக்கொண்டு, நீ வாங்கிக் கொடுத்த நல்ல பேட்டரி செத்தே போய்விட்டது. உன் பணத்தில் வாங்கியதாயிற்றே, உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழையதை ஈயத்துக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, அதே ஜாதியில் புதிது ஒன்று வாங்கிவிட்டேன், நீ இதற்காக எதுவும் அனுப்ப வேண்டாம். இந்தத் தடவை எல்லாம் முறைப்படிதான். கண்ணாடிக் குழாய்க்குள் சின்ன மிதவை ஆடுகிற ஒரு சாமானும் கோசலிடமே வாங்கினேன், பேட்டரித் தண்ணீரை உறிஞ்சினால் மிதவை பச்சைக் கோட்டில் நிற்கிறதா, வெள்ளையிலா, சிவப்பிலா என்று பார்த்து எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். முழுக்க ஏறினால் பச்சை. பாதி இறங்கினால் வெள்ளை. சிவப்புக்குப் போகவே விடக் கூடாது, போனால் ஆயுசு குறையும். வெள்ளைக்கு வந்ததும் தாமதிக்காமல் சார்ஜுக்கு அனுப்பிவிட வேண்டும், காலியாக நிறுத்தி வைக்கக் கூடாது. உன் அம்மாவிடம், "பழசு வயசாகிச் செத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னேன். அவள், "அடப்பாவமே, பொண்ணு வாங்கிக் குடுத்ததாச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அரை சார்ஜைப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் படிகாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் ஒளிந்திருந்து கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அடுத்த தடவை நானும் கூடப் போவேன், போனில் என் முகத்தைப் பார்த்ததும் நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டீங்களாப்பா, உடம்பு எப்படி இருக்குப்பா என்று ஆரம்பிப்பாய், இவளும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொள்வாள். அந்தச் சிரிப்பு போய்விடும். அது எனக்கு வேண்டாம். கோசலிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், அக்கா அரை சார்ஜ் என்றால் இனிமேல் ஒத்துக்கொள்ளாதே, புதுப் பேட்டரிக்கு அப்படிச் செய்தால் வெடித்துவிடும் என்று பயமுறுத்து, ஒரு ராத்திரி உன்னிடமே வைத்து முழுக்க ஏற்று என்று. அதனால் கொண்டுபோய் வைக்கிற நாள் ஒன்று, எடுத்துவருகிற நாள் ஒன்று, உங்களுக்கு இரட்டை லாபம். ஆனால் முழுக்க ஏறிய பேட்டரி நாலு நாள் வந்துவிடுமே, நடுவில் அவள் எதைச் சாக்காக வைத்துப் போவாள்? அதற்குத்தான் அவள் மீன் கழுவ முன்பக்கம் போனதும் நான் பின்னறையில் காற்றாடியைப் போட்டுவிடுகிறேன். அங்கே யாரும் இல்லை. டிவியையும் சத்தமில்லாமல் ஓடவிடுகிறேன். குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன், மிதவை வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "ஏ, பேட்டரி டவுனாயிடுச்சு பாரு" என்று குரல் கொடுப்பேன். அவள், "இந்தப் புதுசும் சரியில்லீங்க" என்று திட்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பவுடர் டப்பாவை எடுப்பாள். நானே பேட்டரியைப் படகில் இறக்கி வைத்து அனுப்புகிறேன். அவள் துடுப்புப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கும்போது இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது நிமோல், அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதெல்லாம் உனக்கு மட்டும். உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. குளிர் வந்ததும் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள், பனியில் பார்த்து நட, பல் பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீரால் கொப்பளி. தாவியிடம் காய்ந்த மீன் கொடுத்திருக்கிறேன், துணிக்கு நடுவில் சுற்றியிருக்கிறது, அந்தக் கிழவிக்கும் கொஞ்சம் கொடு. நேபாளத்துப் பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரி. பிச்சும் பென் பண்டிகைக்கு உன் பங்குச் சோற்று உருண்டையையும் நானே பிடித்து முன்னோர்களுக்கு வைத்துவிடுகிறேன், அவர்கள் உன்னைக் காக்கட்டும், உன் கை கால் சுகமாக இருக்கட்டும், எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நில்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பௌர்ணமி அன்று உன் அம்மா விரதத்துக்கு விகாரைக்குப் போய்விடுவாள், நன்றாக இருட்டும்வரை வர மாட்டாள். அன்றைக்குப் பேட்டரியை நான் எடுத்துக்கொண்டு கோசலிடம் போவேன். கோசலின் போனுக்குக் கூப்பிடு. வை என்று சொல்ல மாட்டேன், நெயாக் தா சாமிமேல் ஆணை. உன் அம்மாவுக்குச் சொல்லாத ஒன்றை எனக்குச் சொல். பெரிதாக இருக்க வேண்டாம், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்பதாக இருந்தாலும் போதும், ஆனால் அவளுக்கு முன்னால் எனக்குச் சொன்னதாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஓக் நாரின்